சின்ன இடத்துக்குப் பெரிய கம்பெனிகள் ஏன் போகின்றன? சூக் கன்டோனை வைத்து ஒரு விளக்கம்

சுவிட்சர்லாந்தின் நடுவே, சூரிச் நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், சூக் என்றொரு கன்டோன் இருக்கிறது. கன்டோன் என்பது அந்த நாட்டின் மாநிலம். மொத்தம் 26 உண்டு. சூக்கின் பரப்பு 239 சதுர கிலோமீட்டர். ஏரி, மலைச்சரிவு எல்லாம் சேர்த்தே அவ்வளவுதான். சென்னை மாநகராட்சியின் பரப்பில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல். மக்கள் சுமார் 1,30,000 பேர்.

இந்தச் சின்னப் பரப்புக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கனிமங்களையும் எரிபொருளையும் வாங்கி விற்பதில் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றான கிளென்கோரின் தலைமையகம் இங்கே பார் என்ற ஊரில் இருக்கிறது. கட்டுமான வேதிப்பொருள்கள் செய்யும் சிக்காவும் அதே ஊரில்தான். ரோட்க்ரொய்ஸ் என்ற ஊரில் ரோஷ் நிறுவனத்தின் நோயறிதல் கருவிப் பிரிவு. சீமென்ஸின் கட்டடத் தொழில்நுட்பப் பிரிவுக்கு சூக் நகரமே தலைமையிடம். நெஸ்லேவுக்குப் பதிவு அலுவலகங்கள் இரண்டு. ஒன்று ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள வெவேயில், மற்றொன்று சூக் கன்டோனின் காம் என்ற ஊரில். கிரிப்டோ எனப்படும் மின்னணு நாணய உலகம் அறிந்த எத்தீரியம் அறக்கட்டளையும் 2014-ல் இங்கேதான் பதிவானது. கைக்குழந்தை முதல் பாட்டி வரை எண்ணினாலும் 1.3 லட்சம் பேர் இருக்கும் இடத்தில் வேலைகள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். காலையில் பக்கத்துக் கன்டோன்களிலிருந்து ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள்.

ஏன் இங்கே? யாரைக் கேட்டாலும் "வரி குறைவு" என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. லாப வரியே இல்லாத தீவுகள் உலகில் பல இருக்கின்றன. அங்கே கம்பெனிகளின் பெயர்கள் பதிவாகின்றன. ஆனால் ரத்தப் பரிசோதனைக் கருவியை வடிவமைக்கும் பொறியாளர்கள் அங்கே குடியேறுவதில்லை. ஆக, வரி ஆளைக் கூப்பிடும். வந்தவர் தங்க வேறு ஏதோ வேண்டும். அந்த வேறு ஏதோ என்ன, அதில் எவ்வளவு அந்தச் சின்ன இடத்துக்குச் சொந்தம், எவ்வளவு அக்கம்பக்கத்திலிருந்து வாங்கிக்கொண்டது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

டின்பாலிலிருந்து தாமிரம் வரை

சூக் என்றும் பணக்கார ஊராக இருந்ததில்லை. மாடு, செர்ரி மரம், செர்ரியிலிருந்து காய்ச்சும் கிர்ஷ் என்ற சாராயம், கொஞ்சம் நூற்பாலை. வெளியுலகம் இங்கே முதலில் வந்தது பாலைத் தேடித்தான். 1866-ல் ஜார்ஜ், சார்ல்ஸ் என்ற பேஜ் சகோதரர்கள் அமெரிக்காவிலிருந்து வந்து, காம் ஊரில் ஆங்கிலோ-சுவிஸ் கன்டென்ஸ்டு மில்க் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஐரோப்பாவின் முதல் டின்பால் ஆலை அது. நம் வீடுகளில் பாயசத்துக்கு ஊற்றும் மில்க்மெய்டின் பூர்வீகம் அந்தக் கம்பெனிதான். 1905-ல் அது நெஸ்லேவோடு இணைந்தது. நெஸ்லே இன்றும் காமில் ஒரு பதிவு அலுவலகம் வைத்திருப்பதற்குக் காரணம் இந்தப் பழைய உறவுதான்.

அப்புறம் 1896-ல் சூக் நகரத்தில் மின்சார மீட்டர் செய்யும் தொழில் தொடங்கியது. அது லான்டிஸ் அன்ட் கீர் என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்து, பல பத்தாண்டுகள் அந்த ஊரின் முக்கிய முதலாளியாக இருந்தது. அதன் கட்டடத் தொழில்நுட்பப் பிரிவுதான் பிற்காலத்தில் சீமென்ஸின் கைக்குப் போனது. இன்று சூக்கில் சீமென்ஸ் இருப்பதைப் பார்த்து "வரிக்காக வந்தவர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. அங்கே நூறு ஆண்டு மீட்டர்த் தொழிலின் கைப்பழக்கம் இருக்கிறது.

வரிச் சட்டத்தின் கதை 1920-களில் தொடங்குகிறது. வேறு கம்பெனிகளின் பங்குகளை மட்டும் வைத்திருக்கும் ஹோல்டிங் கம்பெனிகளுக்கும், பதிவு இங்கே தொழில் வெளியே என்று இருக்கும் கம்பெனிகளுக்கும் சூக் சலுகைகள் தரத் தொடங்கியது. உடனே கூட்டம் வந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஐரோப்பாவில் அமெரிக்கக் கம்பெனிகள் கிளை பரப்பிய காலத்தில்தான் அந்தச் சட்டம் வேலை செய்தது. 1950-களில் பிலிப் பிரதர்ஸ் என்ற அமெரிக்க உலோக வணிக நிறுவனம் சூக்குக்கு வந்தது. அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த மார்க் ரிச் என்பவர் 1974-ல் கூட்டாளிகளோடு வெளியேறி, சூக்கிலேயே சொந்த நிறுவனம் தொடங்கினார். 1983-ல் அமெரிக்க அரசு அவர்மேல் வரி ஏய்ப்பு, ஈரானுடன் தடையை மீறிய வணிகம் என்று வழக்குத் தொடுத்தது. சுவிட்சர்லாந்து அவரை ஒப்படைக்கவில்லை. 2001 ஜனவரியில் அதிபர் கிளின்டன் பதவி விலகும் நாளில் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அவர் தொடங்கிய நிறுவனத்தை அதற்கு முன்பே மேலாளர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1994-ல் அதன் பெயர் கிளென்கோர் ஆனது.

ஒருவர் வருகிறார், அவரிடம் தொழில் கற்றவர் பிரிந்து பக்கத்திலேயே கடை போடுகிறார், அவர்களுக்கென்று வக்கீல், கணக்காளர், வங்கியாளர் கூடுகிறார்கள், அந்தக் கூட்டத்தை நம்பி அடுத்தவர் வருகிறார். ஒரு தொழில் ஓரிடத்தில் மண்டுவது பெரும்பாலும் இப்படித்தான். இதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்று சட்டம் போட்டு நாளை சூக் ஆகிவிடலாம் என்று கனவு காணும் அரசுகள் இந்தக் கால அளவைக் கவனிப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

சின்னதாக இருப்பதே எப்படி வசதியாகிறது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கணக்குதான்.

கற்பனையாக இரண்டு மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். சின்ன மாவட்டத்தில் உள்ளூர்க் கம்பெனிகளின் மொத்த லாபம் 100 கோடி. பெரிய மாவட்டத்தில் 10,000 கோடி. இரண்டிலும் வரி 20 சதவீதம். ஆக வருமானம் சின்னதுக்கு 20 கோடி, பெரியதுக்கு 2,000 கோடி.

இரண்டும் வரியைப் பாதியாக, அதாவது 10 சதவீதமாகக் குறைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சின்ன மாவட்டத்தின் இழப்பு 10 கோடி. அதை ஈடுகட்ட வெளியிலிருந்து 100 கோடி லாபம் உள்ள கம்பெனிகள் வந்தால் போதும். ஒரே ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் ஒரு பிரிவு வந்தாலே முடிந்தது. பெரிய மாவட்டத்துக்கோ இழப்பு 1,000 கோடி. அதை ஈடுகட்ட 10,000 கோடி லாபம் புதிதாக வந்து சேர வேண்டும். அவ்வளவு யார் வரப்போகிறார்கள்?

உலகில் இடம்விட்டு இடம் நகரக்கூடிய லாபம் என்று ஒரு குளம் இருக்கிறது. பெரிய நாட்டுக்கு அந்தக் குளத்தில் பாதியை அள்ளினாலும் தாகம் தீராது. சின்ன இடத்துக்கு ஒரு குடம் போதும். வரிப் போட்டியில் சின்ன இடங்கள் ஜெயிப்பதற்கு அவர்களுடைய சாமர்த்தியம் மட்டும் காரணமில்லை. குறைக்கும்போது அவர்களுக்கு இழக்க அதிகம் இல்லை என்பதே முதல் காரணம்.

சூக்கில் இது எப்படி நடக்கிறது? சுவிட்சர்லாந்தில் ஒரு கம்பெனி மூன்று அடுக்குக்கு லாப வரி கட்டுகிறது: கூட்டாட்சி அரசு, கன்டோன், ஊராட்சி. கூட்டாட்சியின் பங்கு நாடு முழுக்க ஒன்றுதான். கன்டோனும் ஊராட்சியும் தங்கள் பங்கைத் தாங்களே தீர்மானிக்கலாம். எல்லாம் சேர்த்து சூக்கில் ஒரு கம்பெனி கட்டும் வரி லாபத்தில் 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பக்கத்து சூரிச்சில் அது 20 சதவீதத்தை ஒட்டி வரும். சூக்கின் அந்தப் பன்னிரண்டில் கிட்டத்தட்ட எட்டு கூட்டாட்சிக்குப் போய்விடுகிறது. கன்டோனுக்கும் ஊராட்சிக்கும் மிஞ்சுவது வெறும் நான்கு சொச்சம். அந்த நான்கையும் மக்கள் கட்டும் வருமான வரியையும் வைத்துத்தான் பள்ளி, சாலை, மருத்துவமனை எல்லாம் நடத்தி, ஆண்டு முடிவில் உபரியும் காட்டுகிறார்கள். லாபத்தின் அளவு அவ்வளவு பெரியது, பங்குபோடும் மக்கள் அவ்வளவு குறைவு.

சரி, பக்கத்துக் கன்டோன்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தனவா? இல்லை. சூக்கை அடுத்துள்ள லூசர்ன் 2012-ல் தன் பங்கு லாப வரியைப் பாதியாகக் குறைத்தது. லூசர்னின் மக்கள்தொகை சுமார் 4 லட்சம், சூக்கைப் போல மூன்று மடங்கு. மேலே போட்ட கணக்கு அங்கே வேலையைக் காட்டியது. புதிய கம்பெனிகள் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை, கஜானாவில் துண்டு விழுந்தது. 2016 அக்டோபரில் செலவை மிச்சம் பிடிக்க, கன்டோன் நடத்தும் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் தொழிற்கல்விப் பள்ளிகளுக்கும் ஒரு வாரம் கட்டாய விடுமுறை விட்டார்கள். உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றில், பணமில்லை என்று பள்ளியை மூடினார்கள். பின்னாளில் லூசர்னின் நிதி நிலைமை தேறி, உபரிக்கே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நடுவாண்டுகளின் சுமையைத் தாங்கியவர்கள் பிள்ளைகள். வரிக் குறைப்பால் பயன்பட்டவர்கள் அவர்கள் அல்ல.

ஒப்வால்டன் என்ற இன்னொரு குட்டிக் கன்டோன், மக்கள் 40,000-க்கும் குறைவு, இன்னும் ஒரு படி மேலே போனது. வருமானம் ஏற ஏற வரி விகிதம் இறங்கும் என்று 2006-ல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. அதாவது பெரும் பணக்காரருக்கு நடுத்தரக்காரரைவிடக் குறைந்த விகிதம். 2007 ஜூன் மாதம் சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொல்லி ரத்து செய்தது. போட்டிக்கு ஓர் எல்லை உண்டு என்று சொன்ன தீர்ப்பு அது.

கம்பெனி "வருகிறது" என்றால் என்ன வருகிறது?

புதிதாகப் படிப்பவர்களுக்கு இங்கேதான் குழப்பம் வரும். "கிளென்கோர் சூக்கில் இருக்கிறது" என்றால் அங்கே சுரங்கம் இருக்கிறதா? கிடையாது. தாமிரமும் கோபால்ட்டும் தோண்டப்படுவது காங்கோவில். அதை ஏற்றும் கப்பல் சுவிட்சர்லாந்து பக்கமே வராது. அந்த நாட்டுக்குக் கடலே இல்லை. சூக்கில் இருப்பது முடிவெடுக்கும் மேசை. யாரிடம் வாங்குவது, யாருக்கு விற்பது, எந்தக் கப்பல், எந்த விலை, எந்த வங்கிக் கடன், விலை சரிந்தால் என்ன காப்பு, இவை எல்லாம் அங்கே முடிவாகின்றன. காலையில் அந்த மேசையிலிருந்து ஆசியாவோடு பேசலாம், மாலையில் நியூயார்க்கோடு பேசலாம். அதற்குத் தேவை ஆட்கள், வங்கிகள், நம்பகமான நீதிமன்றம், மாறாத விதிகள். இடம் சின்னதாக இருந்தால் ஒரு குறையும் இல்லை.

ஒரே குழுமத்தின் சுரங்கக் கம்பெனி ஒரு நாட்டில், வணிகக் கம்பெனி சூக்கில் என்று வைத்துக்கொள்வோம். சுரங்கம் தன் தாமிரத்தை சூக் கம்பெனிக்கு விற்கிறது. என்ன விலைக்கு? விலை குறைவாக இருந்தால் சுரங்கம் இருக்கும் நாட்டில் லாபம் சுருங்கும், சூக்கில் பெருகும். இதற்கு ட்ரான்ஸ்ஃபர் பிரைசிங் என்று பெயர். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு கம்பெனிகள் பேரம் பேசினால் என்ன விலை வருமோ அதே விலைதான் போட வேண்டும் என்பது சர்வதேச விதி. சொல்வதற்கு எளிது. ஆனால் அந்த விலை இதுதான் என்று நிரூபிக்கத் தேவையான கணக்காளர்களும் தரவுகளும் பன்னாட்டுக் கம்பெனியிடம் இருக்கும் அளவுக்கு, ஓர் ஏழை நாட்டின் வரித்துறையிடம் இருக்காது.

எல்லாக் கம்பெனிகளும் இப்படி இல்லை. ஒரு முனையில், ஒரு வக்கீல் அலுவலகத்தின் வாசலில் பெயர்ப்பலகை மட்டும் வைத்திருக்கும் கம்பெனிகள். சூக்குக்கு நீண்ட காலம் இந்தக் கெட்ட பெயர் இருந்தது. நடுவே பங்கு வைத்திருக்கும் கம்பெனிகள், காப்புரிமையை வைத்து ராயல்டி வாங்கும் கம்பெனிகள், ஐரோப்பா முழுவதற்குமான வட்டாரத் தலைமையகங்கள். மறு முனையில் ரோட்க்ரொய்ஸில் உள்ள ரோஷ் வளாகம் போல, ஆராய்ச்சியும் உற்பத்தியும் நடக்கும் இடங்கள். பெயர்ப்பலகைக் கம்பெனி ஒரே இரவில் ஜெர்சி தீவுக்கோ துபாய்க்கோ போய்விடும். ஆய்வகமும், அதில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் அப்படி நகராது. ஓர் இடம் சர்வதேசத் தொழில் மையம் என்று பெருமை பேசினால், அங்கே இருப்பவர்கள் இதில் எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

கடன் வாங்கிய பலம், சொந்த பலம்

சூக்கில் விமான நிலையம் கிடையாது. சூரிச் விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்குள். உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் கிடையாது. ஈடிஎச் பல்கலைக்கழகம் பக்கத்து சூரிச்சில். பெரிய வங்கிகளின் தலைமையகம் கிடையாது. அவையும் சூரிச்சில். நாணயம் சுவிஸ் பிராங்க், இரட்டை வரியைத் தவிர்க்கும் ஒப்பந்தங்கள் சுவிஸ் அரசு போட்டவை, நீதிமன்றங்கள்மீது உள்ள நம்பிக்கை பல தலைமுறைகளாக நாடே சேர்த்தது. பள்ளி முடித்ததும் மூன்றில் இரண்டு பங்கு இளைஞர்கள் கம்பெனிகளில் வேலை பழகிக்கொண்டே படிக்கும் சுவிஸ் தொழிற்கல்வி முறையும் நாடு முழுவதற்கும் பொதுவானது. விமான நிலையத்தின் இரைச்சல் சூரிச்சுக்கு, கம்பெனிகளின் வரி சூக்குக்கு என்று சூரிச்காரர்கள் வருத்தப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

தீவுகளுக்கும் சூக்குக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். வரி இல்லாத தீவில் வரிச்சலுகை மட்டும் இருக்கும். சூக்கில் வரிச்சலுகையோடு ஒரு முழு நாட்டின் ஏற்பாடுகளும் சேர்ந்து கிடைக்கின்றன. ஒரு பெரிய நகரத்தின் பக்கத்தில், அதன் எல்லைக் கோட்டுக்கு வெளியே, சொந்தமாக வரி விகிதம் வைக்கும் அதிகாரத்தோடு இருப்பது சூக்குக்கு வாய்த்த அதிர்ஷ்டம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் சூக் இன்றைய சூக்காக ஆகியிருக்காது என்பது என் கருத்து.

அதே நேரம், சொந்த பலம் என்று ஒன்று இருப்பதை மறுப்பதும் தவறு. அது அலுவலகம் நடக்கும் விதத்தில் இருக்கிறது. ஒரு கம்பெனி இங்கே ஏதாவது செய்யத் திட்டமிட்டால், செய்வதற்கு முன்பே வரி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம்: "இப்படிச் செய்தால் எங்களுக்கு எப்படி வரி போடுவீர்கள்?" எழுத்தில் பதில் வரும், அந்தப் பதில் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தும். பல கோடி முதலீடு செய்பவருக்கு வரி ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலா குறைவா என்பதைவிட, ஐந்து வருடம் கழித்து யாராவது பழைய கணக்கைக் கிளறி நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள் என்ற நிம்மதி பெரிது. இந்தியாவில் தொழில் செய்யும் யாரையும் கேட்டுப் பாருங்கள், இதன் அருமையைச் சொல்வார்கள். இந்த ஏற்பாடு சுவிட்சர்லாந்து முழுக்க உண்டு என்றாலும், சின்னக் கன்டோனில் அதிகாரியை நேரில் பார்ப்பதும், ஆங்கிலத்திலேயே பேசி முடிப்பதும் சுலபம்.

கிரிப்டோ கதை இதற்கு நல்ல சான்று. 2014-ல் எத்தீரியத்தை உருவாக்கிய வித்தாலிக் புட்டெரினும் கூட்டாளிகளும் பார் ஊரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கி வேலை செய்தார்கள். அவர்களிடம் அப்போது வரி கட்டும் அளவுக்கு லாபம் எதுவும் இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது, லாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளையைச் சட்டப்படி பதிவு செய்யவும், தாங்கள் செய்யும் புது விஷயம் என்ன என்று கேட்டுப் புரிந்துகொள்ளவும் தயாரான ஓர் இடம். பிற நாடுகளில் "இது எந்தச் சட்டத்தில் வரும்?" என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்த காலம் அது. 2016 ஜூலையில் சூக் நகராட்சி தன் சேவைக் கட்டணங்களை 200 பிராங்க் வரை பிட்காயினில் செலுத்தலாம் என்று அனுமதித்தது. பணமாக அது ஒன்றுமேயில்லை. ஆனால் உலகம் முழுக்கச் செய்தியானது. அந்தத் துறையில் இருந்தவர்களுக்கு "இங்கே வந்தால் கதவு திறந்திருக்கும்" என்று சேதி போனது. 2021-லிருந்து கன்டோனின் வரியையே பிட்காயினிலும் எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரிலும் ஓர் உச்சவரம்புக்குள் கட்டலாம்.

இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்

முதலில் உள்ளூர்க்காரர்கள். சூக்கில் காலியாக இருக்கும் வீடுகளின் விகிதம் பல ஆண்டுகளாக ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். பன்னாட்டுக் கம்பெனியின் மேலாளரும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரும் ஒரே வீட்டுக்குப் போட்டியிட்டால் யாருக்குக் கிடைக்கும்? அங்கே பிறந்து வளர்ந்தவர்களே கல்யாணம் ஆனதும் வாடகை குறைந்த பக்கத்துக் கன்டோனுக்குக் குடிபெயர்கிறார்கள். வரிச்சலுகை நிலத்தின் விலையில் ஏறி, நிலம் வைத்திருப்பவரின் பைக்குள் போய்விடுகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு வரியில் மிச்சமானது வாடகையில் போகிறது.

இரண்டாவது, மற்ற கன்டோன்கள். இதற்கு சுவிட்சர்லாந்து ஒரு பரிகாரம் வைத்திருக்கிறது. 2008-லிருந்து நடைமுறையில் உள்ள நிதிப் பகிர்வு முறைப்படி, பணக்காரக் கன்டோன்கள் ஒரு பொதுத் தொகுப்புக்குப் பணம் தர வேண்டும். ஏழைக் கன்டோன்கள் அதிலிருந்து பெறும். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் மிக அதிகம் கட்டுவது சூக். ஆண்டுக்கு 30 கோடி பிராங்குக்கும் மேல்; அங்கே வாழும் ஒவ்வொருவருக்கும் 2,000 பிராங்குக்கும் அதிகம். சூக்கின் அரசியல்வாதிகள் இது அநியாயம் என்று அடிக்கடி முறையிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விமான நிலையத்தையும் பல்கலைக்கழகத்தையும் மற்றவர் செலவில் பயன்படுத்துபவர் அதற்கான பங்கைத் தருவதில் என்ன அநியாயம்? வரிப் போட்டியை அனுமதிக்கும் நாடு இப்படி ஒரு பகிர்வையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்றே சொல்வேன்.

மூன்றாவது, மண் தோண்டப்படும் நாடுகள். இவர்களுக்கு அந்தப் பகிர்வுத் தொகுப்பில் இடமில்லை. 2022-ல் கிளென்கோர் அமெரிக்காவில் லஞ்சம் கொடுத்ததையும் சந்தை விலையில் கைவைத்ததையும் ஒப்புக்கொண்டு, 100 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சம்மதித்தது. லஞ்சம் கைமாறியது ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளில். தலைமையகம் இருக்கும் ஊருக்கு வரி வருகிறது. அங்கே எடுக்கப்படும் முடிவுகளின் விளைவு வேறெங்கோ விழுகிறது.

இதை அந்தப் பகுதி மக்களே உணர்ந்த ஒரு நிகழ்வு உண்டு. 2011-ல் கிளென்கோர் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலானபோது அதன் தலைமை நிர்வாகி இவான் கிளாசென்பெர்க் சூரிச் கன்டோனின் ரூஷ்லிகோன் ஊரில் குடியிருந்தார். அவர் கட்டிய வரி அந்த ஊரில் பணமழையாகக் கொட்டியது. கன்டோனுக்குள் நடக்கும் பகிர்வு வழியாக மற்ற ஊர்களுக்கும் அதில் பங்கு போனது. அவற்றில் ஒன்று, சூக் எல்லைக்கு அருகில் உள்ள ஹெடிங்கன் என்ற சிற்றூர். 2013 செப்டம்பரில் அந்த ஊர்மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, வந்த பணத்தில் 1,10,000 பிராங்கை, சுரங்கங்களால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் வேலை செய்யும் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்க முடிவெடுத்தார்கள். தொகை சிறியதுதான். ஆனாலும் தங்கள் ஊருக்கு வந்த காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அதற்கு ஒரு பதிலும் சொன்னார்கள். இந்த விஷயத்தில் என்னை மிகவும் தொட்டது இதுதான்.

15 சதவீதம் வந்த பிறகு

சூக்கின் பழைய வித்தை இப்போது முன்போல் செல்லாது. ஹோல்டிங் கம்பெனிகளுக்கும் வெளிநாட்டு வருமானத்துக்கும் தனிச் சலுகை தருவதை ஐரோப்பிய ஒன்றியமும் ஓஇசிடி என்ற பணக்கார நாடுகளின் அமைப்பும் எதிர்த்தன. 2019 மே மாதம் சுவிஸ் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்டபடி, 2020 ஜனவரியில் அந்தத் தனிச் சலுகைகள் முடிவுக்கு வந்தன. அதன் பிறகு உள்ளூர்க் கம்பெனிக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கும் ஒரே விகிதம். சூக் என்ன செய்தது? எல்லாருக்கும் விகிதத்தைக் குறைத்துவிட்டது. மேலே போட்ட கணக்கை நினைவில் கொண்டால் இது ஏன் அவர்களால் முடிந்தது என்று தெரியும்: உள்ளூர்க் கம்பெனிகளிடம் இழந்தது கொஞ்சம்.

அடுத்த அடி பெரியது. ஆண்டு விற்றுவரவு 75 கோடி யூரோவுக்கு மேல் உள்ள பன்னாட்டுக் குழுமங்கள் எங்கே இருந்தாலும் குறைந்தது 15 சதவீத லாப வரி கட்ட வேண்டும் என்று உலக நாடுகள் பல சேர்ந்து ஓர் உடன்பாடு செய்தன. ஒரு நாடு 12 சதவீதம்தான் வாங்கினால், மீதி மூன்றை வேறொரு நாடு வாங்கிக்கொள்ளலாம். அப்படியானால் குறைத்து வைத்து யாருக்கு என்ன பயன்? 2023 ஜூன் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் சுவிஸ் மக்கள் 78 சதவீதத்துக்கு மேல் ஆதரவு தந்து, அந்த மீதியைத் தாங்களே வசூலிக்க முடிவு செய்தார்கள். 2024 ஜனவரி முதல் அந்தக் கூடுதல் வரி நடைமுறையில் இருக்கிறது. வசூலில் கால் பங்கு கூட்டாட்சிக்கு, முக்கால் பங்கு கன்டோனுக்கு.

விளைவு விசித்திரமானது. வரியைக் குறைவாக வைத்திருந்த சூக்குக்கே இந்தக் கூடுதல் வரியில் நிறையப் பணம் வருகிறது. அதை என்ன செய்வது? கம்பெனிகளின் ஆராய்ச்சிக்கும் சுற்றுச்சூழல் முதலீட்டுக்கும் மானியமாகத் தரும் திட்டத்தைக் கன்டோன் அரசு முன்னெடுத்தது. வரி என்ற கையால் வாங்கி மானியம் என்ற கையால் திருப்பித் தருவது என்று சொல்லலாம். உடன்பாட்டின் எழுத்துக்கு இது பொருந்தும், நோக்கத்துக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. அயர்லாந்து, சிங்கப்பூர் போன்ற இடங்களும் இதே பாதையில் நடக்கின்றன. இனிமேல் போட்டி விகிதத்தில் இல்லை, மானியத்தில். மானியப் போட்டியிலும் பெட்டியில் பணம் அதிகமும் பங்குபோட ஆள் குறைவுமாக இருப்பவருக்கே சாதகம்.

மக்களுக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். சுவிட்சர்லாந்தில் ஒருவர் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றால், செலவில் குறைந்தது 55 சதவீதத்தைக் கன்டோன் ஏற்கும். மீதியைக் காப்பீடு ஏற்கும். 2026, 2027 ஆண்டுகளுக்கு சூக் அந்தச் செலவில் 99 சதவீதத்தைத் தானே ஏற்க முடிவு செய்தது. அதனால் அங்கே குடியிருப்பவர்களின் காப்பீட்டுக் கட்டணம் கணிசமாக இறங்குகிறது. ஆனால் அந்தச் சலுகை குடியிருப்பவர்களுக்கு மட்டும். வாடகை கட்ட முடியாமல் எல்லை தாண்டிக் குடிபோய், தினமும் காலையில் ரயிலேறி சூக்குக்கு வேலைக்கு வருபவர், தான் வசிக்கும் கன்டோனின் கட்டணத்தைத்தான் கட்டுகிறார்.